மகளிர் கிரிக்கெட்டை வாரியம் வளர்த்ததா, காக்க வைத்ததா?

சேப்பாக்கம் கேலரி | 4 நவம்பர் 2025, இரவு 9.40

ஞாயிறு நள்ளிரவு நம் கேப்டன் ஹர்மன்பிரீத் பின்னால் ஓடிப்போய் அந்தக் கடைசிக் கேட்சைப் பிடித்தபோது நான் போட்ட சத்தத்தில் வீடே எழுந்துவிட்டது. நாம் 298, தென்னாப்பிரிக்கா 246. 52 ரன்னில் உலகக் கோப்பை. அந்த மகிழ்ச்சி இன்னும் அடங்கவில்லை.

ஆனால் இரண்டு நாளாக எல்லாக் குழுக்களிலும் ஒரே பேச்சு. பிசிசிஐ, அதாவது இந்தியக் கிரிக்கெட் வாரியம், பணம் போட்டது, சம ஊதியம் கொடுத்தது, லீக் நடத்தியது, அதனால் கோப்பை வந்தது என்கிறார்கள். வாரியம் 51 கோடி பரிசு அறிவித்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் கூடிவிட்டது. இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

1973-ல் லக்னோவில் மகேந்திர குமார் ஷர்மா இந்திய மகளிர் கிரிக்கெட் சங்கத்தைப் பதிவு செய்தார். அதே ஆண்டு புனேயில் முதல் தேசியப் போட்டி. வந்தவை மூன்றே அணிகள்: பம்பாய், மகாராஷ்டிரா, உத்தரப் பிரதேசம். அடுத்த போட்டி வாரணாசியில், எட்டு அணிகள். அதற்கடுத்தது கல்கத்தாவில், பதினான்கு. இதை நடத்தியவர்கள் கையில் ஆண்கள் வாரியத்தின் காசு ஒரு பைசா கிடையாது.

1976 அக்டோபர் 31, பெங்களூரு, வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக நம் பெண்களின் முதல் டெஸ்ட். ஆறு டெஸ்ட் கொண்ட தொடர் அது. அந்தத் தொடரிலேயே பாட்னாவில் சாந்தா ரங்கசாமி தலைமையில் முதல் வெற்றி. ஆண்கள் 1932-ல் ஆடத் தொடங்கி 1952-ல் நம் சேப்பாக்கத்தில்தான் முதல் டெஸ்டை வென்றார்கள். இருபது வருடம். பெண்களுக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

1978-ல் உலகக் கோப்பையையே இங்கே நடத்தினார்கள். 1997-ல் அரையிறுதி, 2000-ல் அரையிறுதி, 2005-ல் மிதாலி தலைமையில் இறுதிப்போட்டி. அதாவது 2006-ல் பெண்கள் கிரிக்கெட் பிசிசிஐ கைக்குப் போகும்போது நம் அணி உலகின் இரண்டாவது அணி. ஏழு வருடம் கழித்து, 2013-ல், சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பையில் ஏழாவது இடம். அந்தப் போட்டிக்கு ஒதுக்கியிருந்த வான்கடே மைதானத்தைக்கூட ஆண்களின் ரஞ்சி இறுதிப்போட்டிக்காக எடுத்துக்கொண்டு, பெண்களைப் பிரபோர்ன் மைதானத்துக்கு மாற்றினார்கள். உலகக் கோப்பையை விட உள்ளூர்ப் போட்டி பெரிதாகத் தெரிந்த காலம் அது. வாரியம் வளர்த்தது என்று சொல்பவர்கள் இந்த ஏழு வருடத்துக்குப் பதில் சொல்லட்டும்.

கணக்கு நோட்டு | 4 நவம்பர் 2025, இரவு 11.05

நண்பரே, வரலாற்றை அழகாகச் சொன்னீர்கள். ஆனால் உங்களுக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் திறந்து காட்டுகிறீர்கள்.

1973 முதல் 2006 வரையான அந்த 33 வருடத்தில் இதுவும் இருக்கிறது: 1986 இங்கிலாந்துப் பயணத்துக்குப் பிறகு 1991 வரை ஒரு டெஸ்ட்கூட இல்லை. இடையில் ஆஸ்திரேலியாவில் 1988 உலகக் கோப்பை நடந்தது. இந்தியா போகவே இல்லை. 2005 உலகக் கோப்பையில் ஓர் ஆட்டத்துக்கு 1,000 ரூபாய், எட்டு ஆட்டத்துக்கு 8,000 என்று மிதாலி ராஜே சொல்லியிருக்கிறார். நாட்டுக்காக இறுதிப்போட்டி வரை ஆடியவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். இதை நான் தியாகமாகப் பார்க்கவில்லை, கொடுமையாகப் பார்க்கிறேன். இன்னொரு தலைமுறை அப்படியே ஆடியிருக்க வேண்டும் என்று யாரும் விரும்பக் கூடாது.

பணம் என்ன செய்தது என்று பாருங்கள். 2015-ல் முதன்முறையாக ஆண்டு ஒப்பந்தம். 2022-ல் ஆட்ட ஊதியம் ஆண்களுக்குச் சமம்: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாளுக்கு 6 லட்சம், டி20-க்கு 3 லட்சம். 2023-ல் டபிள்யூபிஎல் என்ற மகளிர் பிரீமியர் லீக். ஐந்து அணிகள் விற்றதில் மட்டும் 4,669 கோடிக்கு மேல். அதே 2023-ல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை, ஆசிய விளையாட்டுத் தங்கம். 2025-ல் மறுபடி 19 வயதுக்குட்பட்டோர் கோப்பை, இப்போது பெரிய கோப்பை.

இறுதிப்போட்டியின் ஆட்ட நாயகி ஷஃபாலி. 87 ரன், இரண்டு விக்கெட். அவர் முதலில் அறிவித்த அணியிலேயே இல்லை. பிரதிகா ராவல் காயமடைந்ததால் அரையிறுதிக்கு வந்து சேர்ந்தார். உள்ளே வரும் மாற்று ஆள் இந்தத் தரத்தில் இருக்க வேண்டுமென்றால் வெளியே எவ்வளவு பேர் தயாராக இருக்க வேண்டும்? கிராந்தி கவுட் மத்தியப் பிரதேசத்தில் குவாரா என்ற சின்ன ஊர். ஸ்ரீ சரணி கடப்பா. இருவரும் இந்த வருடம்தான் இந்திய அணிக்குள் வந்தார்கள், இருவரும் டபிள்யூபிஎல் ஆடியவர்கள். 1976-ல் அந்தக் கிராமத்துக்கு யார் போய்த் தேடியிருப்பார்கள்?

சேப்பாக்கம் கேலரி | 4 நவம்பர் 2025, இரவு 11.32

நீங்கள் சொன்ன வருடங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006-ல் சேர்த்தார்கள், 2015-ல் ஒப்பந்தம். ஒன்பது வருடம் இந்திய அணிக்கு ஆடிய பெண்களுக்கு ஆண்டு ஒப்பந்தமே கிடையாது. ஐபிஎல் 2008-ல் வந்தது, பெண்களுக்கு 2023-ல். பதினைந்து வருடம். ஆஸ்திரேலியா 2015-லேயே மகளிர் பிக் பாஷ் தொடங்கிவிட்டது. ஹர்மன்பிரீத் அங்கே போய் ஆடித்தான் கற்றுக்கொண்டார்.

உலகிலேயே பணக்கார வாரியத்திடம் இல்லாதது பணமா? பணம் போட்டால் பலன் வரும் என்று நீங்களே நிரூபித்துவிட்டீர்கள். அப்படியென்றால் போடாமல் இருந்த வருடங்களில் எத்தனை பேரை இழந்தோம் என்பதுதான் என் கேள்வி.

தூத்துக்குடி விக்கி | 5 நவம்பர் 2025, காலை 7.15

ரெண்டு அண்ணன்களுக்கும் வணக்கம். நான் சின்னப் பையன், 2017-ல் எட்டாவது படித்தேன். ஜூலை 20, டெர்பி, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அரையிறுதி, ஹர்மன்பிரீத் 115 பந்தில் 171. எங்கள் தெருவில் பசங்க எல்லோரும் ஒரே போனில் பார்த்தோம். அதுவரை இந்தியாவுக்குப் பெண்கள் அணி இருப்பதே எனக்குத் தெரியாது. மூன்று நாள் கழித்து லார்ட்ஸில் 3 விக்கெட்டுக்கு 191 என்று இருந்து, 219-க்கு ஆல் அவுட்டாகி 9 ரன்னில் தோற்றபோது நான் சாப்பிடவில்லை.

என்னைப் பொறுத்தவரை இந்த அணியின் வரலாறு அந்த வாரத்தில்தான் தொடங்குகிறது. பார்க்க ஆள் வந்த பிறகுதான் எந்த விளையாட்டும் வளரும். 2020-ல் மெல்போர்னில் டி20 இறுதிப்போட்டிக்கு 86,174 பேர் வந்தார்கள். நாம் தோற்றோம், ஆனால் அந்தக் கூட்டம் எல்லாவற்றையும் மாற்றியது. யாரும் பார்க்காத டெஸ்டையும் தேசியப் போட்டியையும் பற்றிப் பேசி என்ன ஆகப் போகிறது? டி20-யும் டபிள்யூபிஎல்லும்தான் இனி.

ஆஃப் ஸ்பின் ஆர்த்தி | 5 நவம்பர் 2025, மதியம் 2.20

விக்கி தம்பி, யாரும் பார்க்காத போட்டியில் ஆடியவள் நான். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

1997 முதல் 2004 வரை ஆடினேன். மாவட்டம், பல்கலைக்கழகம், இரண்டு முறை மாநில முகாம். அதற்கு மேல் போகவில்லை. வெளியூர்ப் போட்டி என்றால் பெரும்பாலும் முன்பதிவில்லாப் பெட்டி. பதினைந்து பெண்கள், நான்கு கிட் பை. பைகளைக் கழிப்பறைக் கதவுப் பக்கம் அடுக்கி, அதன் மேல் முறை வைத்து உட்கார்ந்து போவோம். போய்ச் சேர்ந்த ஊரில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பறை. பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுப்பது. காலையில் ஒரே குழாயில் பதினைந்து பேர். ஆறு ஜோடி கால் பேடு இருந்தால் பணக்கார அணி. அவுட் ஆகி வருபவள் எல்லைக்கோட்டிலேயே கழற்றி அடுத்து இறங்குபவளிடம் கொடுப்பாள். அது ஈரமாகத்தான் இருக்கும். பச்சைப் புல் ஆடுகளத்தில் நான் முதலில் பந்து வீசியது 20 வயதில். அதுவரை மேட்டிங், அதாவது தரையில் பாய் விரித்த ஆடுகளம்.

இதையெல்லாம் பெருமையாகச் சொல்லவில்லை. கணக்கு நோட்டு சொன்னது சரி, அது கொடுமைதான். ஆனால் அந்தப் பெட்டியில் நாங்கள் ஏறியதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்களுக்கு முன்னால் ஒருவர் ஏறியிருந்தார். எங்கள் பயிற்சியாளர் எப்போதும் சுதா ஷா பெயரைச் சொல்வார். தமிழ்நாட்டுக்கு ஆடியவர், அந்த 1976 பெங்களூரு டெஸ்டில் இறங்கியவர், 21 டெஸ்ட் ஆடி, பிறகு இந்திய அணிக்கே பயிற்சியாளரானார். எழுபதுகளில் இந்தியாவுக்கு வேகப்பந்து வீசிய சூசன் இட்டிசெரியா நம் சென்னைக்காரர். ஸ்குவாஷ் ஆடும் தீபிகா பள்ளிக்கல்லின் அம்மா என்றால் இப்போது எல்லோருக்கும் தெரியும். இவர்கள் ஆடியதை யாரும் டிவியில் பார்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் ஐந்தாறு பெண்கள் பார்த்தார்கள். 1997 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் ஈடன் கார்டனில் பந்து பொறுக்கிப் போட்ட பெண்களில் ஒருவர் ஜூலன் கோஸ்வாமி. அன்று ஆடியது ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். அதைப் பார்த்த அந்தப் பெண்தான் பிறகு ஒருநாள் போட்டியில் 255 விக்கெட் எடுத்தார். கூட்டம் 86,000 வேண்டியதில்லை தம்பி. சரியான ஒருத்தி பார்த்தால் போதும்.

இன்னொன்று. இந்த விவாதத்தில் யாரும் ரயில்வே பெயரை இதுவரை எடுக்கவில்லை. எங்கள் காலத்தில் பெண்கள் கிரிக்கெட்டுக்குச் சோறு போட்டது பிசிசிஐ இல்லை, ரயில்வே. இந்திய அணியின் முன்னாள் கேப்டன் டயானா எடுல்ஜி மேற்கு ரயில்வேயில் இருந்துகொண்டு, ஆடும் பெண்களை வேலைக்கு எடுக்கச் சொல்லிப் போராடியவர். மிதாலியும் ரயில்வே, ஹர்மன்பிரீத்தும் முதலில் ரயில்வே. நான் ஆடப் போகிறேன் என்றபோது என் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இதுல வேலை கிடைக்குமாம்மா?" "ரயில்வேல எடுப்பாங்கப்பா" என்றேன். அந்த ஒரு பதிலில் ஏழு வருடம் ஆடினேன். எனக்குக் கிடைக்கவில்லை, 2004-ல் நிறுத்திவிட்டேன்.

2006 பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். வாரியத்தோடு சேர்த்த அடுத்த சீசனில் என் ஜூனியர் ஒருத்தி வெளியூரிலிருந்து போன் செய்தாள். "அக்கா, ஏசி பெட்டில வந்தோம். ஹோட்டல்ல ரூம். ஒரு ரூமுக்கு ரெண்டே பேரு" என்று சொல்லி அழுதாள். நானும் அழுதேன். அதனால் 2006-ஐ இழப்பு என்று யாராவது சொன்னால் என்னால் தலையாட்ட முடியாது. அதே சமயம், அந்த வசதி வந்த பிறகும் பயிற்சிக்கு மைதானம் கேட்டால் பையன்கள் முடித்த பிறகுதான் என்று பல இடங்களில் பல வருடம் சொன்னார்கள். மாலை ஆறு மணிக்கு மேல், வெளிச்சம் போன பிறகு, பந்து தெரியாமல் கேட்ச் பிடித்த பெண்களை எனக்குத் தெரியும்.

கணக்கு நோட்டு | 5 நவம்பர் 2025, மாலை 6.48

ஆர்த்தி அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். ரயில்வேயை நான் விட்டது தப்புதான்.

ஆனால் என் வாதம் இதில் இன்னும் பலப்படுகிறது என்றே நினைக்கிறேன். உங்களுக்குத் திறமை இருந்தது, வேலை கிடைக்காததால் நின்றீர்கள். விளையாட்டே வேலையாக ஆனால்தான் அடுத்த ஆர்த்தி நிற்க மாட்டாள். அதைச் செய்வது வாரியத்தின் பணம்.

சேப்பாக்கம் கேலரி | 5 நவம்பர் 2025, இரவு 10.10

விக்கி, "யாரும் பார்க்காத டெஸ்ட்" என்றாய். உனக்கு ஒரு டெஸ்டைச் சொல்கிறேன்.

2014 ஆகஸ்ட், இங்கிலாந்தில் வார்ம்ஸ்லி. எட்டு வருடம் கழித்து இந்தியப் பெண்கள் டெஸ்ட் ஆடினார்கள். அணியில் எட்டுப் பேருக்கு அதுதான் முதல் டெஸ்ட். ஸ்மிருதி, ஹர்மன்பிரீத், நம் ஊர் திருஷ் காமினி, நிரஞ்சனா எல்லோரும் அதில் உண்டு. இங்கிலாந்தை 92-க்குச் சுருட்டினார்கள், நிரஞ்சனாவுக்கு நான்கு விக்கெட். வென்றுவிட்டு வந்தார்கள். அடுத்து நவம்பரில் மைசூரில் தென்னாப்பிரிக்கா. காமினி 192, பூனம் ராவத் 130, ஹர்மன்பிரீத் பந்துவீச்சில் ஒன்பது விக்கெட், இன்னிங்ஸ் வெற்றி.

இரண்டு டெஸ்ட், இரண்டும் வெற்றி. பிறகு என்ன நடந்தது தெரியுமா? ஏழு வருடம் டெஸ்டே கிடையாது. அடுத்தது 2021 ஜூன், பிரிஸ்டல். 192 அடித்த காமினிக்கு அதற்குப் பிறகு ஒரு டெஸ்ட் இன்னிங்ஸ் கிடைக்கவே இல்லை. அவர்தான் 2013-ல் உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண். சென்னைப் பெண். இந்தப் பெயரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆர்த்தி சொன்ன சுதா ஷா பணம் இல்லாத காலத்தில் 21 டெஸ்ட் ஆடினார். மிதாலி 1999 முதல் 2022 வரை, 23 வருடம் ஆடினார். எத்தனை டெஸ்ட்? 12. ஜூலனும் 12. அந்த மிதாலி 2002-ல் டான்டனில் 214 அடித்தவர், அன்றைக்கு அது உலக சாதனை. 2006-ல் அதே டான்டனில் ஜூலன் பத்து விக்கெட் எடுத்து இங்கிலாந்தில் முதல் டெஸ்ட் தொடரை வென்று கொடுத்தவர். அதற்குப் பரிசாக எட்டு வருடம் சும்மா இருந்தார்கள்.

ஆட விட்டால் என்ன ஆகும் என்பதையும் நானே நேரில் பார்த்தேன். 2024 ஜூன் 28, சேப்பாக்கம். ஷஃபாலியும் ஸ்மிருதியும் முதல் விக்கெட்டுக்கு 292. ஷஃபாலி 205, ஸ்மிருதி 149. ஒரே நாளில் 4 விக்கெட்டுக்கு 525. ஆண்கள் டெஸ்டிலும் ஒரு அணி ஒரு நாளில் அவ்வளவு அடித்ததில்லை. மறுநாள் 603-ல் டிக்ளேர். அப்புறம் ஸ்னே ராணா ஒரே இன்னிங்ஸில் எட்டு விக்கெட். வெயிலில் கழுத்து கருத்துப் போனது, ஒரு பந்தைக்கூட விடாமல் பார்த்தேன்.

யாழ் பந்துவீச்சு | 6 நவம்பர் 2025, காலை 8.30

இலங்கையில இருந்து ஒரு சின்னக் குறிப்பு. காசுதான் எல்லாம் என்பது போலக் கதை போகிறது. போன வருடம் ஜூலையில் தம்புள்ளையில் ஆசியக் கிண்ண இறுதி ஆட்டம். இந்தியா 165, எங்கட அணி இரண்டே விக்கெட்டை இழந்து அடித்து முடித்தது. எங்கட தலைவி சமரி அத்தபத்து 61. டபிள்யூபிஎல் வந்து இரண்டு பருவம் முடிந்திருந்த இந்திய அணி அது. 2013 உலகக் கிண்ணத்தில் இந்தியாவை 138 ரன்னில் வீழ்த்தி வெளியேற்றியதும் நாங்கள்தான்.

எங்களிட்ட லீக்கும் இல்லை, கோடியும் இல்லை. சமரி என்ற ஒருவரின் பதினைந்து வருடப் பிடிவாதம் இருக்கிறது. ஆனபடியால் ஆர்த்தி அக்கா சொல்வதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

கணக்கு நோட்டு | 6 நவம்பர் 2025, மதியம் 1.15

யாழ் நண்பருக்கு: அந்த வெற்றிகளுக்கு என் மரியாதை. ஆனால் ஒரு சமரியை நம்பி ஓர் இறுதிப்போட்டியை வெல்லலாம். இந்த உலகக் கோப்பையில் நாம் தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று வரிசையாக மூன்று ஆட்டத்தில் தோற்றோம். அதற்குப் பிறகும் மீண்டு வந்து அரையிறுதியில் ஆஸ்திரேலியாவின் 338-ஐத் துரத்திப் பிடிக்க ஒருவர் போதாது. ஜெமிமா 127 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார், ஹர்மன்பிரீத் 89, கடைசியில் ரிச்சாவும் அமன்ஜோத்தும். இறுதிப்போட்டியில் தீப்தி அரைசதமும் ஐந்து விக்கெட்டும். இந்த ஆழத்தைத்தான் பணம் வாங்கித் தருகிறது.

கேலரி நண்பருக்கு: டெஸ்ட் விஷயத்தில் முழுப் பழியையும் பிசிசிஐ மேல் போடுவது நியாயமில்லை. நியூசிலாந்துப் பெண்கள் 2004-க்குப் பிறகு ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. உலகம் முழுக்கவே பெண்கள் டெஸ்ட் ஏறக்குறைய நின்று, இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் பெரும்பாலும் தங்களுக்குள் நடக்கும் ஆஷஸுக்காகத்தான் ஆடினார்கள். எதிரணி இல்லாமல் யாருடன் ஆடுவது?

ஆனால் நேற்றிரவு காமினியின் 192 பற்றிப் படித்த பிறகு உள்ளூர் ஆட்டங்களைக் கொஞ்சம் தேடிப் பார்த்தேன். மகளிருக்கான பல நாள் ஆட்டம், மண்டலங்களுக்கு இடையேயானது, 2018-க்குப் பிறகு நின்றுபோய் 2024-ல்தான் புனேயில் மறுபடி நடந்திருக்கிறது. அதற்கு எதிரணி இல்லை என்று சொல்ல முடியாது. நம் நாட்டு அணிகள்தான். இந்த ஒன்றில் எனக்கு வாரியத்துக்காகச் சொல்ல எதுவும் இல்லை.

சேப்பாக்கம் கேலரி | 6 நவம்பர் 2025, மதியம் 1.40

நன்றி. நான் கேட்டது இவ்வளவுதான். ஆனால் நியூசிலாந்து ஆடவில்லை என்பது நமக்குச் சாக்கு இல்லை. 2023 டிசம்பரில் நவி மும்பையில் இங்கிலாந்தை 347 ரன்னில் வென்றோம், அதே மாதம் வான்கடேயில் ஆஸ்திரேலியாவை முதன்முறையாக டெஸ்டில் வென்றோம். கூப்பிட்டால் வருகிறார்கள். கூப்பிடும் வசதி நம் வாரியத்துக்கு எப்போதும் இருந்தது.

தூத்துக்குடி விக்கி | 6 நவம்பர் 2025, மாலை 5.05

காமினி அக்காவின் 192 தெரியாமல் பேசிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். யூடியூபில் தேடினேன், ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். சம ஊதியம் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். ஆட்ட ஊதியம்தானே சமம்? ஆண்களுக்கு ஆண்டு ஒப்பந்தத்தில் உயர்ந்த கிரேடு 7 கோடி, பெண்களுக்கு 50 லட்சம். பெண்கள் ஆடும் ஆட்டங்களும் குறைவு. அப்புறம் எப்படிச் சமம்?

கணக்கு நோட்டு | 6 நவம்பர் 2025, மாலை 5.50

தம்பி, ஒப்பந்தத் தொகை வருமானத்தைப் பார்த்துப் போடுவது. ஆண்கள் ஆட்டம் கொண்டுவரும் ஒளிபரப்புத் தொகைக்கும் பெண்கள் ஆட்டத்துக்கும் இன்னும் பெரிய தூரம் இருக்கிறது. டபிள்யூபிஎல் ஒளிபரப்பு உரிமை ஐந்து வருடத்துக்கு 951 கோடி. இது வளரும். வளர வளர ஒப்பந்தமும் ஏற வேண்டும், ஏறாவிட்டால் நானே இங்கே வந்து எழுதுவேன். ஆனால் ஆட்ட ஊதியம் சமம் என்பதைச் சின்ன விஷயமாக ஒதுக்காதே. 8,000 ரூபாயை நினைத்துப் பார்.

ஆஃப் ஸ்பின் ஆர்த்தி | 7 நவம்பர் 2025, காலை 6.30

வருமானம் குறைவு என்பது உண்மை. ஆனால் முப்பது வருடம் காட்டாத ஒன்றுக்கு வருமானம் எங்கிருந்து வரும்? விக்கி தேடிய 192 எங்கும் இல்லை என்கிறான். படம் எடுத்துக் காட்டாத ஆட்டத்தை யார் பார்ப்பார்கள், எந்த விளம்பரக்காரர் வருவார்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. உள்ளூரில் சீனியர் பெண்களுக்கு ஆட்ட ஊதியம் நாளொன்றுக்கு 12,500-ஆக இருந்தது, 2021-ல் 20,000 ஆக்கினார்கள். அதே ஆண்டு ஆண்களுக்கு 40,000 முதல் 60,000 வரை. சமம் என்ற சொல் இந்திய அணியின் வாசலோடு நின்றுவிடுகிறது. வாசலுக்கு வெளியேதான் ஆயிரக்கணக்கான பெண்கள் இருக்கிறார்கள்.

ஞாயிறு இரவு எனக்கு மறக்காத காட்சி கோப்பை தூக்கியது இல்லை. ஹர்மன்பிரீத்தும் மற்றவர்களும் அந்தக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய் மிதாலி, ஜூலன், அஞ்சும் சோப்ரா கையில் கொடுத்தார்களே, அது. அவர்களுக்கு யார் காரணம் என்று தெரிந்திருக்கிறது. நாம்தான் இங்கே நாலு நாளாக அடித்துக்கொள்கிறோம்.

கணக்கு நோட்டு | 7 நவம்பர் 2025, காலை 9.12

அந்தக் காட்சியில் எனக்கும் கண் கலங்கியது. அதை வைத்து என் வாதத்தை நான் விடப் போவதில்லை, ஆனால் உள்ளூர் ஊதியம் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். கிராந்தியும் சரணியும் வந்த கதவு அதுதான். அங்கே பணம் போடாமல் மேலே மட்டும் போடுவது என் கணக்குப்படியே தப்பு.

சேப்பாக்கம் கேலரி | 8 நவம்பர் 2025, இரவு 8.25

நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முதல் பதிவில் 1973 முதல் 2006 வரை எல்லாமே ஏறுமுகம் போல எழுதிவிட்டேன். 1988-க்குப் போகாததை விட்டுவிட்டேன். 1995-ல் ஜாம்ஷெட்பூரில் நீத்து டேவிட் ஒரே இன்னிங்ஸில் 53 ரன்னுக்கு எட்டு விக்கெட் எடுத்தும் இங்கிலாந்திடம் இரண்டே ரன்னில் தோற்றோம். இன்றைக்கும் பெண்கள் டெஸ்டில் அதைவிடச் சிறந்த பந்துவீச்சு கிடையாது. அந்த அணிக்குப் பின்னால் கொஞ்சம் வசதி இருந்திருந்தால் அந்த இரண்டு ரன் கிடைத்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வந்திருக்க வேண்டிய நாளில் வரவில்லை என்பதில் மட்டும் மாற மாட்டேன்.

ஆஃப் ஸ்பின் ஆர்த்தி | 16 நவம்பர் 2025, மதியம் 12.40

ஒரு வாரமாக இந்தப் பக்கம் வர முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளி மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். வழக்கமாக ஒன்பது பேர் வருவார்கள். இறுதிப்போட்டி முடிந்த அடுத்த ஞாயிறு, 9-ம் தேதி, இருபத்திரண்டு பேர் நின்றார்கள். ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள்கூட. என்னிடம் இருந்தது நான்கு மட்டை.

அதில் ஒரு பெண்ணுக்குப் பதிமூன்று வயது. இதுவரை தெருவில் டென்னிஸ் பந்தில் மட்டும் ஆடியவள். லெதர் பந்தைக் கையில் கொடுத்தேன், விரலை வைத்துப் பிடித்துப் பார்த்தாள், மூன்றாவது பந்திலேயே திருப்பினாள். கூட வந்த அம்மா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் பக்கத்தில் வந்து கேட்டார்: "டீச்சர், இதுல வேலை கிடைக்குமா?"

என் அப்பா கேட்ட அதே கேள்வி. இருபத்தெட்டு வருடம் கழித்து, உலகக் கோப்பையை வென்ற பிறகு. இப்போது ஏதேதோ சொல்லலாம். கமலினி என்று நம் தமிழ்நாட்டுப் பெண், பதினாறு வயதில் மும்பை அணி 1.6 கோடிக்கு எடுத்தது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த அம்மாவிடம் கணக்கை அப்படியே வைத்தேன். டபிள்யூபிஎல்லில் ஐந்து அணி. ஓர் அணிக்கு அதிகபட்சம் 18 பேர், அதில் ஆறு பேர் வரை வெளிநாட்டுக்காரர்கள். அப்படிப் பார்த்தால் நாடு முழுக்க அறுபது இடத்துக்குப் பக்கம்தான். அதற்குக் கீழே மாநில அணி, ஆடும் நாளுக்குக் காசு. அதற்கும் கீழே இன்னமும் ரயில்வேதான். பத்தாவதை ஒழுங்காகப் படிக்க வையுங்கள், அதோடு இங்கேயும் அனுப்புங்கள் என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார். வர மாட்டார்கள் என்று நினைத்தேன்.

இன்று காலை ஆறரைக்கு நான் போவதற்கு முன்பே இருவரும் கேட் வாசலில் நின்றார்கள். கேலரி அண்ணனுக்கு ஒரு விண்ணப்பம்: சேப்பாக்கம் பக்கம் பழைய சிவப்புப் பந்து யாரிடமாவது இருந்தால் வாங்கி அனுப்புங்கள். தையல் பிரிந்திருந்தாலும் பரவாயில்லை. இங்கே எல்லாம் வெள்ளைப் பந்து, அதுவும் மூன்றுதான்.

கணக்கு நோட்டு | 16 நவம்பர் 2025, மதியம் 1.05

ஆர்த்தி அம்மா, எந்த ஊர், எந்த முகவரி என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஒரு டஜன் புதுப் பந்து நான் வாங்கி அனுப்புகிறேன், சிவப்பு. கேலரி நண்பர் மட்டையைப் பார்த்துக்கொள்ளட்டும்.